பொந்தியானுக்குப் போகாத பூச்சி

நாட்டுக்கு எல்லை போட்டுப் படை வைத்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு எல்லை போட்டு, கூடப் பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் அதைவிட அதிகமாக இருக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு பழுப்பு அந்துப்பூச்சிக்கு எல்லை போட்டு, அந்த எல்லையைத் தனியாளாகக் காவல் காத்தவர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். எங்கள் யோங் பெங் ஊரின் வேட்டி அங்கிள்.

பெயரைக் கேட்டுவிட்டு இடுப்பில் வேட்டியைத் தேடாதீர்கள். தீபாவளியாகட்டும், தைப்பூசமாகட்டும், சொந்த மகளின் கல்யாணமாகட்டும், அவர் கால்சட்டையில்தான் வருவார். வேட்டிகள் வீட்டில் அடுக்கடுக்காக இருந்தன. பொழுது சாய்ந்ததும் ஒன்றை எடுத்துப் பின்வாசல் கொடியில் விரித்துக் கட்டுவார். மூலைக்கு மூலை கிளிப் போடுவார். எதிரே ஒரு டியூப் லைட்டை எரியவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிகள் வெள்ளைத் துணியில் வந்து உட்காரும். அவர் பூச்சிகளைப் பார்ப்பார். பூச்சிகள் அவரைப் பார்க்கும். வேறு எதுவும் நடக்காது.

எங்கள் வீட்டு வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த சீனக் குடும்பம் ஒன்று முதல் வாரமே இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டது. மறுநாள் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஸ்டூல்களோடும் ஒரு பொட்டலம் குவாச்சி விதையோடும் வந்து அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாதிப் பொட்டலம் கொறித்து முடித்த பிறகு வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் கேட்டார், படம் எப்போது ஆரம்பிக்கும் என்று.

"சுடா மூலா லா," என்றார் அங்கிள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆரம்பித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அவர் நில அளவை ஆபீஸில் எல்லைக்கல் நடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் கமிட்டியில் சேர்கிறார்கள், சிலர் சர்க்கரை வியாதியில் சேர்கிறார்கள். இவர் எதிலும் சேரவில்லை. உத்தியோகம் அவரை விட்டுவிட்டதே தவிர, அவர் உத்தியோகத்தை விடவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. "தம்பி, உன் அப்பளம் என் லாட்டுக்குள்ள வந்திருச்சு பாரு," என்று இலையையே மனையாகப் பிரித்து விரலால் தள்ளிவைப்பார். பக்கத்து வீட்டு மாமரக் கிளை அவர் வேலிக்கு மேல் வந்தால் வெட்ட மாட்டார். ஆனால் எந்த மாங்காய் யாருடையது என்று சாக்பீஸால் குறித்து வைத்துவிடுவார்.

அவர் மனைவியை நாங்கள் பொந்தியான் அக்கா என்போம், கடலோரப் பொந்தியானில் பிறந்தவர் என்பதால். கணவர் அங்கிள், மனைவி அக்கா, இது என்ன உறவுமுறை என்று கேட்காதீர்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் யார் முதலில் எப்படிக் கூப்பிட்டார்களோ அதுவே நிலைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர்களுடைய ஒரே மகள். பொந்தியானிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு விடுமுறைக்கு வந்தவள், வேட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு பழுப்புப் பூச்சியைச் சும்மா கைப்பேசியில் படம் பிடித்தாள். படத்தைக் காட்டினால் பூச்சியின் ஊர் பேர் சொல்லும் செயலி ஒன்றை அவள் வைத்திருந்தாள். அது யோசித்து யோசித்து ஒரே வரியில் பதில் சொன்னது: சிறிய பழுப்பு அந்துப்பூச்சி, காணப்படும் இடம் ஜொகூர்.

அந்தப் பூச்சியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. தேயிலைத் தூள் நிறம், இறக்கையில் மழுங்கிய பென்சிலால் வைத்த மாதிரி இரண்டு புள்ளி. வேறு யாராவது என்றால் ஓகோ என்று சொல்லிவிட்டுக் கோழிக் குழம்பு சாப்பிட எழுந்து போயிருப்பார்கள். எல்லைக்கல்காரரால் முடியவில்லை.

"ஜொகூர்னா? ஜொகூர்ல எங்க? எந்த ஊரு, எந்தக் கம்பம்? எந்த லாட்டு?" என்று மகளிடம் பாய்ந்தார். "இவ்ளோ பெரிய மாநிலத்த ஒரு பூச்சி பேருல மொத்தமா எழுதிக் குடுத்துட்டா எப்படி? எவன் அளந்தான்?"

"யாரும் அளக்கலப்பா."

"அதான் பாத்தேன்," என்றார் அவர். மறுநாளே வேட்டி, பேட்டரி விளக்கு, சிவப்புப் பெயிண்ட் அடித்த மரமுளைகள் எல்லாவற்றையும் பழைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கட்டிக்கொண்டு அளக்கக் கிளம்பிவிட்டார்.

வடக்கு எல்லை யோங் பெங் டோல் என்று முதலில் தீர்ப்பானது. பூச்சி டோல் வரைக்கும் வருமாம், தாண்டாதாம். நாங்கள் காலைப் பசியாறப் போகும் கடையின் முதலாளி பாய் இதைக் கேட்டு, "ஏன் அண்ணே, கார்டு கொண்டுவர மறந்துருச்சா?" என்றார். அங்கிள் சிரிக்கவில்லை. அளவை விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

தெற்கு எல்லை லாயாங் லாயாங் ரயில் நிலையம். அங்கே வேலிக் கம்பியில் அவர் வேட்டியை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நானும் கூட இருந்தேன். அப்போது காவலர் ஒருவர் கைவிளக்கோடு வந்து, இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"செம்பாடான்," என்றார் அங்கிள். எல்லை.

காவலர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் ஜொகூர்தான் என்று பணிவாக எடுத்துச் சொன்னார். மனிதருக்கு அப்படித்தான், தாம் பேசுவது பூச்சியின் எல்லையை என்று அங்கிள் அதைவிடப் பணிவாக விளக்கினார். காவலர் மெதுவாக ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். எதற்கும் தான் சரியான பக்கத்தில் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார்.

மேற்கே பொந்தியான் பக்கம் கடல் காற்று வீச ஆரம்பிக்கிற இடத்தில் பூச்சி நின்றுவிடுகிறது என்று அறிவித்தார். உப்புக் காற்று அதன் உடம்புக்கு ஆகாதாம். கிழக்கே அவர் போகவே இல்லை. "அங்க இருக்காது. எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டார். அரசாங்க எல்லைகளில் பாதி இப்படித்தான் முடிவாகியிருக்கும் என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம்.

இந்தச் செய்தி தாமான் சங்கத்தின் சேர்மன் காதுக்குப் போனது. சேர்மன் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு பேனர் அடிக்கிறவர். "நம்ம ஏரியாவத் தவிர உலகத்துல எங்கயும் இல்லாத பூச்சியாமே! என்ன அங்கிள், இத இவ்ளோ நாளா சும்மா வச்சிருக்கீங்க?" என்று ஓடிவந்தார். அடுத்த மாதமே தாமான் நுழைவாயிலில் ஒரு வளைவு எழுந்தது. அதில் பூச்சியின் படம், கீழே மஞ்சள் எழுத்தில் 'உலகத்திலேயே இங்கு மட்டும்'. எல்லாருக்கும் டி-சட்டை கொடுத்தார்கள். அதில் அச்சடித்த பூச்சி அப்பட்டமான கரப்பான். அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பாய் கடைக்குள் நுழைந்தபோது, பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணனுங்களா, சுகாதார ஆபீசர் வர்ற நேரம். கரப்பான் படத்தோட இங்க உக்காராதீங்க," என்றார்.

சேர்மனின் பூச்சிப் பக்தி எத்தகையது என்று ஒரே நாளில் தெரிந்தது. காலையில் வாட்ஸாப் குழுவில் 'நமது பூச்சி நமது பெருமை' என்று எழுதினார். மாலையில் அதே கையால், அதே குழுவில், 'இன்று கொசுப் புகை அடிக்க ஆள் வருகிறது, அனைவரும் ஜன்னலை மூடவும்' என்று எழுதினார். இரண்டுக்கும் ஒரே ஆட்கள் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

புகை இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தவரை அங்கிள் தெருமுனையிலேயே மறித்தார்.

"கொசுவ மட்டும் அடி."

"அங்கிள், புகைக்கு ஆள் அடையாளம் தெரியாது லா."

"அப்ப கொஞ்சம் இரு," என்று வீட்டுக்குள் ஓடி, இருந்த வேட்டிகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார். பூச்சிகள் பகலில் ஒதுங்குகிற கொய்யா மரத்துக்கு அடியிலிருந்து நுனிவரை சுற்றிச் சுற்றிக் கட்டினார். அவர் வேட்டி ஏதோ ஒன்றின் இடுப்பில் ஏறியதை நாங்கள் பார்த்தது அன்றுதான். புகை அடித்து முடித்ததும் அவரே இருமிக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்தார். சேர்மன் அவரோடு ஒரு படம் எடுத்து, 'இயற்கையைக் காக்கும் நமது சங்கம்' என்று போட்டுக்கொண்டார்.

சிரிப்பெல்லாம் சரி. இந்த எல்லையால் வீட்டுக்குள் ஒருவர் சிரிக்கவில்லை.

பொந்தியான் அக்காவுக்கு முழங்கால் வலி. யோங் பெங் வீட்டில் படுக்கையறை மாடியில். மகளின் வீடு மாடி இல்லாத வீடு, கடலுக்குப் பக்கம், முன்னறை சும்மாவே கிடக்கிறது. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்துவிட்டார். இனி மிச்சக் காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதை அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. சோறு போடும்போது கேட்பார், துணி மடிக்கும்போது கேட்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வரும்.

"அங்க நம்ம பூச்சி கெடையாது. நான் அங்க வந்து என்ன செய்ய?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாய் கடையில் அக்கா ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டுவிட்டார்.

"ஏங்க, அந்தப் பூச்சிக்கு எல்லை பாக்குறீங்களே. நான் பொந்தியான்ல பொறந்தவ. என்னைத் தூக்கிட்டு வந்து யோங் பெங்ல போட்டப்ப எனக்கு உப்புக் காத்து இருக்கா இல்லையான்னு பாத்தீங்களா? நான் உசுரோட இல்லையா?"

தே தாரே டீ ஆற்றிக்கொண்டிருந்த பாயின் கை அந்தரத்தில் நின்றது. அங்கிள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். தோற்றுப்போகிற ஆண்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். பெரிதாக ஒரு சவால் விட்டார்.

"சரி. அந்தப் பூச்சி பொந்தியான்ல குடியிருக்குதுன்னு காட்டு. அன்னைக்கே லோரி புடிக்கிறேன்."

"பாய், கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் அக்கா.

"கேட்டாச்சு அக்கா. கடை மொத்தமும் சாட்சி," என்றார் பாய்.

இரண்டு வாரம் கழித்து மகளிடமிருந்து படம் வந்தது. பொந்தியான் வீட்டுப் போர்ட்டிகோ சுவரில், டியூப் லைட்டுக்குக் கீழே, பழுப்பு நிறம், இரண்டு புள்ளி. அங்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுதானே. டூரிஸ்டா இருக்கும். ஊரு பாத்துட்டுத் திரும்பிரும்."

அடுத்த வாரம் நான்கு வந்தன. அவை சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவை என்றார். அதற்கடுத்த வாரம் சுவரில் ஒரு கூட்டமே இருந்தது. இது பெர்மிட் இல்லாமல் தங்குகிற கும்பல் என்று முடிவு கட்டினார். குடிநுழைவுத் துறை செய்கிற காரியத்தைத் தாமே செய்யப் புறப்பட்டார். மூடியில் ஆணியால் துளை போட்ட ஒரு பிஸ்கட் டின்னோடு, ஒவ்வொரு ஞாயிறும் மோட்டார் சைக்கிளில் பொந்தியானுக்குப் போய், சுவரில் இருப்பவற்றைப் பிடித்துக்கொண்டு வந்து யோங் பெங்கில் கொய்யா மரத்தடியில் திறந்துவிடுவார். பின்னால் உட்கார்ந்து டின்னைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு.

எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. அது அங்கிளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மகளைப் பார்க்கப் போகும் அக்காவை என் காரில் பஸ் நிலையத்தில் விடுவது.

"மெதுவா போ தம்பி. கேரியர் ஆடக்கூடாது," என்பார் அக்கா, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு.

"என்னக்கா, மீன் குழம்பா?"

"கீழ் அடுக்குல குழம்பு."

"மேல?"

மேல் மூடியைப் பார்த்தேன். அதிலும் ஆணித் துளைகள்.

வியாழக்கிழமை மாலை அங்கிள் செய்தி பார்க்க உள்ளே போகும் நேரத்தில், அக்கா ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு வேட்டியிடம் போவாராம். கவிழ்த்துப் பிடித்து மேல் அடுக்கில் போட்டுக்கொள்வாராம். பொந்தியானில் மகள் சுவரில் திறந்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புவாளாம். அதாவது, அக்கா வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய்க் குடியேற்றிய அதே பூச்சிகளைத்தான் அங்கிளும் நானும் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் நாடு கடத்திக்கொண்டிருந்தோம். ஜொகூர்க்காரர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற மாதிரி, அந்தப் பூச்சிகள் வாராவாரம் போய்ப் போய் வந்தன. பாவம், அவற்றுக்குச் சம்பளம்கூட இல்லை.

"அக்கா, இது தப்பாட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"அவரு சொன்ன சொல்லுல நிக்கிற மனுசன் தம்பி. பூச்சி இருந்தா வர்றேன்னாரு. இருக்க வச்சிட்டாப் போச்சு." ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் மட்டும் போயி மக வீட்டுல இருந்துக்கலாம். யாரும் வேணாங்கல. ஆனா அவர விட்டுட்டுப் போயி கடல் சத்தம் கேட்டா, அது நல்லாவா இருக்கும்?"

இதற்குப் பிறகு எந்த மனிதனால் வண்டியை வேகமாக ஓட்ட முடியும்? கேரியர் ஆடாமல்தான் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை கடத்தல்காரன், ஞாயிற்றுக்கிழமை காவல்காரன் என்று இரண்டு கட்சியிலும் பதவி வகித்தேன். அரசியலில் இதெல்லாம் சகஜம், பூச்சியியலில் நான்தான் முதல்.

ஆள் குறையவே இல்லை என்பது அங்கிளை உறுத்த ஆரம்பித்தது. "தம்பி, ஒரே ஆளுங்கதான் திரும்பத் திரும்ப வர்றானுங்களோன்னு டவுட்டா இருக்கு. இனிமே சாப் குத்திதான் அனுப்பணும்," என்றார். முளைகளுக்கு அடித்ததில் மீந்த சிவப்புப் பெயிண்டில் தீக்குச்சி முனையைத் தொட்டு, கொண்டுவந்த ஒவ்வொரு பூச்சியின் இறக்கையிலும் ஒரு பொட்டு வைத்தார். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற ஆபீசரின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

அக்காவை எச்சரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் பார்த்து எனக்கு வெளியூர் வேலை. அக்கா வாடகைக் காரில் பஸ் நிலையம் போய்விட்டார். மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி போடாத கண்ணுக்கு, அத்தனை சின்னப் பொட்டு எங்கே தெரியப்போகிறது?

ஞாயிறு மாலை நானும் அங்கிளும் பொந்தியான் போய்ச் சேர்ந்தபோது, அக்கா போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். மகள் லைட்டைப் போட்டாள். சுவரில் பூச்சிகள். அங்கிள் கைவிளக்கை அடித்துக் குனிந்தார். முதல் பூச்சியில் சிவப்புப் பொட்டு. இரண்டாவதில் சிவப்புப் பொட்டு. மூன்றாவதிலும்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் நெத்திலியைப் பார்த்தேன். அக்கா கையில் இருந்த மீனை முறத்தில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். குழாயடியில் டிபன் கேரியர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அங்கிளின் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது போல இருந்தது. இருட்டுகிற நேரம், எனக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம்.

ரொம்ப நேரம் குனிந்தே நின்றவர் நிமிர்ந்தார்.

"அலமாக்!" என்றார். "பறந்து வந்திருக்குது தம்பி! யோங் பெங்ல நான் சாப் குத்தின அதே பூச்சி. ரோடு, ஆறு, தோட்டம் எல்லாம் தாண்டி, தானாவே இங்க வந்து குடியேறியிருக்கு. உப்புக் காத்தாவது ஒண்ணாவது. நான் போட்ட எல்லை தப்பு."

"அப்ப?" என்றார் அக்கா.

"அப்ப என்ன? சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான். லோரி புடிக்கணும்."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியாது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

யோங் பெங்கில் கதை பரவியபோது ஊரே சிரித்தது. "அவ்ளோ தூரம் பறந்துச்சாமே. வழியில பெட்ரோல் எங்க போட்டுச்சாம்?" என்றார் பாய். ஒரு ஜாண் நிலத்தைக்கூட ஏமாறாமல் அளந்த மனிதர், வீட்டுக்குள்ளேயே டிபன் கேரியரில் ஏமாந்துவிட்டாரே என்று கேரியர் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தெரியாதவர்கள் என்று தாமானில் யாரும் இல்லை. அங்கிள் மட்டும்தான் பாக்கி என்று நினைத்தோம். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டோலுக்கும் லாயாங் லாயாங்குக்கும் போய், தாம் நட்ட சிவப்பு முளைகளைத் தம் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்தார். நட்டதைப் பிடுங்குவது அவர் உத்தியோகத்திலேயே இல்லாத வழக்கம். சேர்மன் வளைவில் ஏணி போட்டு ஏறி, 'உலகத்திலேயே இங்கு மட்டும்' என்பதில் 'மட்டும்' மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். லோரி கிளம்பும்போது முன்சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! புதுப்பெண் தோற்றாள்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கிள் போர்ட்டிகோவில் வழக்கம்போல வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டிருந்தார். துணி முழுக்கப் பழுப்புப் பூச்சிகள். ஒன்றில்கூடச் சிவப்புப் பொட்டு இல்லை. அக்கா கொண்டுவந்தது நன்றாகப் பெருகிவிட்டது என்று நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் மீன் பையோடு வேலியோரம் வந்து நின்றார்.

"இனி ராமா-ராமா? டாரி டூலு மெமாங் அடா," என்றார். இந்தப் பூச்சியா, இது அந்தக் காலத்திலிருந்தே இங்கே உண்டு என்றார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றியதும் இதே பூச்சிதான் என்றார். இதைப் போய் ஏன் இப்படி வேட்டி கட்டிப் பார்க்கிறீர்கள் என்று கேட்காமல் கேட்டுவிட்டு, மீனோடு வீட்டுக்குள் போனார்.

நான் அங்கிளைப் பார்த்தேன். ஊர் ஊராக அளந்தது, முளை நட்டது, ஞாயிறு தவறாமல் பிடித்தது, வெள்ளி தவறாமல் கடத்தியது எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடிபட்டுப்போயிற்று. மனிதர் இடிந்துபோவார் என்று பயந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சமையலறையில் அக்கா மகளோடு பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, இத அவகிட்ட சொல்லிடாத லா. பாவம், முழங்கால் வலியோட, பஸ்ஸுல கேரியர மடியில வச்சு, ஆடாம அசையாம அத்தன வாரம் தூக்கிட்டு வந்தா."

ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தபோது, தெரிந்தே அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். தாராளமாக எழுது, அது வருகிற வாரப் பத்திரிகை வீட்டு வாசலைத் தாண்டாமல் நான் காவல் காத்துக்கொள்கிறேன் என்றார். அவருடைய காவல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். எப்படியும் அக்கா கைக்குப் போய்விடும். போகட்டும். தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தானே.